குன்றும் குழியும் வானமும்: ‘போரும் அமைதியும்’ படத்தில் கேமரா நின்ற இடம்

1963 ஆகஸ்ட் மாத இறுதியில், மேற்கு ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியில் உள்ள தொரொகோபூஷ் என்ற சிறு நகருக்கு அருகே, சோவியத் ராணுவத்தின் ஏறத்தாழ 15,000 சிப்பாய்கள் 1812ஆம் ஆண்டின் சீருடையில் திரண்டு நின்றார்கள். ஒரு பகுதியினர் ரஷ்யர்கள். மற்றவர்கள் அன்றைக்கு மட்டும் பிரெஞ்சுக்காரர்கள். 1812இல் நெப்போலியனின் படையும் ரஷ்யப் படையும் மோதிய உண்மையான போரோதினோ களம் மாஸ்கோவுக்கு மேற்கே இருக்கிறது. ஆனால் அங்கே அடிக்கு அடி நினைவுச் சின்னங்கள். எங்கே கேமராவைத் திருப்பினாலும் ஏதாவதொரு கல்தூண் குறுக்கே வரும். ஆகவே வேறொரு வயல்வெளி போரோதினோ ஆயிற்று. 23 டன் வெடிமருந்து கொண்டுவரப்பட்டது. ஹெலிகாப்டர்கள் வந்தன. களத்தின் மேலே கம்பிவடம் கட்டி அதில் கேமராவை ஓடவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஆணையிட்டவர், டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்த சோவியத் இயக்குநர் செர்கேய் போந்தார்ச்சுக். அவருக்கு அந்தப் படத்தில் வேறு இரண்டு வேலைகளும் உண்டு. போர்க்களத்தில் வெள்ளைத் தொப்பியோடு, எதுவும் புரியாமல், எல்லாருக்கும் இடைஞ்சலாக அலையும் பியர் பெசூஹோவ் அவரே. காட்சிகளுக்கு மேலே டால்ஸ்டாயின் சொற்களைப் பேசும் கதைசொல்லியின் குரலும் அவருடையதே. பதினைந்தாயிரம் பேரை ஒரே சொல்லில் அசைப்பவரும், தன் காலடியில் நடப்பதைக்கூட விளங்கிக்கொள்ள முடியாதவரும் ஒரே ஆள்.

இந்த வேடிக்கையான இரட்டை நிலையே இக்கட்டுரையின் கேள்விக்கு வாசல். போரை எவராலும் மேலிருந்து பார்க்கவோ, ஆணையிட்டு நடத்தவோ முடியாது என்று வாதிடும் ஒரு நாவல். சினிமா வரலாறு கண்ட மிகப் பெரிய ஆணைகளில் ஒன்றால் உருவான ஒரு படம். இரண்டாவது முதலாவதைக் காட்டிக்கொடுத்துவிட்டதா?

நாவல் வைக்கும் வழக்கு

டால்ஸ்டாய் 1860களில் இந்த நாவலை எழுதினார். 1865இல் ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ இதழில் தொடங்கி, 1869இல் நூலாக முழுமை பெற்றது. கிரிமியப் போரில் செவாஸ்தபோல் அரண்களில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர் அவர். குண்டுச் சத்தம் அவருக்குப் படித்துத் தெரிந்த விஷயமல்ல. 1867இல் போரோதினோவுக்கே நேரில் போய்க் களத்தைச் சுற்றிப் பார்த்தார். இரு தரப்பிலும் சேர்த்து இரண்டரை லட்சம் பேர் மோதி, ஒரே நாளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீழ்ந்த நிலம் அது.

நாவலில் அந்த நாளின் நெப்போலியன் ஒரு பரிதாபப் பிறவி. குன்றின் மேல் நின்று தொலைநோக்கியால் பார்க்கிறான், புகைதான் தெரிகிறது. தூதன் குதிரையில் வந்து செய்தி சொல்லும்போது அந்தச் செய்தி காலாவதியாகியிருக்கிறது. அவன் போட்ட உத்தரவு போய்ச் சேரும்போது அதற்கான சூழ்நிலை போயே போய்விட்டது. எதிர்முனையில் ரஷ்யத் தளபதி குதுஸோவோ கிழவர், தூங்கி வழிபவர். தான் போரை நடத்தவில்லை என்று அவருக்குத் தெரியும். டால்ஸ்டாயின் கண்ணில் அந்தத் தெரிதல் ஒன்றே அவருடைய பெருமை. எண்ணற்ற சிறு மனிதர்களின் சிறு அசைவுகள் கூடித்தான் வரலாறு; கணிதத்தின் நுண்கூறுகளைத் தொகுப்பதுபோல அவற்றைத் தொகுத்தாலொழிய எதுவும் விளங்காது என்பது அவர் வாதம்.

இதைப் போரைப் பார்த்தவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. போரோதினோவில் ஒரு காலை இழந்தவரும் பின்னாளில் ரஷ்யக் கல்வி அமைச்சராக இருந்தவருமான அவ்ராம் நோரவ், நாவல் தளபதிகளைச் சிறுமைப்படுத்துகிறது என்று 1868இலேயே வருத்தத்தோடு எழுதினார். டால்ஸ்டாய் தமக்கு வேண்டியதை மட்டும் ஆவணங்களிலிருந்து பொறுக்கிக்கொண்டார் என்று 1928இல் விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி ஒரு நூலே எழுதிக் காட்டினார்.

நாவலும் தன் கொள்கைக்கு முழு விசுவாசமாக இல்லை. போர் தொடங்கும் காலையில் பியர் ஒரு மேட்டின் மேல் ஏறிப் பார்க்கிறான். கீழே விரியும் களத்தின் அழகில் சொக்கிப்போகிறான். மேலும், மேலிருந்து பார்ப்பதை இவ்வளவு பரிகசிக்கும் நாவலாசிரியர், போரோதினோ களத்தின் வரைபடம் ஒன்றைப் புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டிருக்கிறார். ஆக, ‘டால்ஸ்டாய் கீழிருந்து பார்ப்பவர், போந்தார்ச்சுக் மேலிருந்து பார்ப்பவர்’ என்று கோடு கிழித்துப் பிரிப்பது படத்துக்கு மட்டுமல்ல, நாவலுக்கும் அநியாயம்.

தமிழ் வாசகருக்கு இந்த நாவல் வந்து சேர்ந்த பெயரும் இங்கே நினைவுக்கு வருகிறது. ‘தினமணி’யின் முதல் ஆசிரியரான டி. எஸ். சொக்கலிங்கம் தம் மொழிபெயர்ப்புக்கு வைத்த தலைப்பு ‘போரும் வாழ்வும்’. ரஷ்ய மொழியில் ‘மீர்’ என்று ஒலிக்கும் சொல்லுக்கு அமைதி, உலகம் என இரு பொருள் உண்டு. பழைய எழுத்துமுறையில் இரண்டும் வெவ்வேறாக எழுதப்பட்டன. டால்ஸ்டாய் அச்சிட்டது அமைதி என்ற பொருள் தரும் எழுத்தைத்தான். அகராதிப்படி சொக்கலிங்கத்தின் ‘வாழ்வு’ இரண்டிலும் அடங்காது. ஆனால் நடனம், வேட்டை, பிரசவம், கடன் என்று பாதி நாவல் எதைப் பற்றியது என்று கேட்டால் அவர் சொல்லே பொருத்தமாகப் படுகிறது.

ஒரு படம் அரசுக் காரியமான கதை

1956இல் கிங் விடார் இயக்கிய ஹாலிவுட் படம் வந்தது. ஆட்ரி ஹெப்பர்ன் நடாஷா, ஹென்றி ஃபோண்டா பியர். 1959இல் சோவியத் திரையரங்குகளில் அது வெளியானபோது மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பனிப்போர் நாட்களில் தங்கள் தேசிய இதிகாசத்தை அமெரிக்கர்கள் படமெடுத்து, அதைத் தங்கள் மக்களே காசு கொடுத்து ரசிப்பது பலருக்கு உறுத்தியது. 1961இல் திரைத்துறையினர் பகிரங்கக் கடிதம் எழுதி, இதற்கு ஒரு சோவியத் பதில் வேண்டும், இது மானப் பிரச்சினை என்றார்கள். பண்பாட்டு அமைச்சர் எகத்தெரீனா ஃபூர்த்சேவா ஆதரவு தந்தார். மூத்த இயக்குநர் இவான் பீரியெவ் பெயர் முதலில் அடிபட்டாலும், வேலை போந்தார்ச்சுக்கிடம் வந்தது. அதுவரை அவர் இயக்கியிருந்தது ஒரே படம்: ஷோலகவின் கதையை ஒட்டிய ‘ஒரு மனிதனின் விதி’, 1959.

1962 செப்டம்பர் 7 அன்று படப்பிடிப்பு தொடங்கியது. போரோதினோவின் 150ஆவது ஆண்டு நாள், தேதி தற்செயலானதல்ல. நாற்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் பொருட்களைக் கொடுத்து உதவின. படத்துக்காகவே ஒரு குதிரைப்படைப் பிரிவு உருவாக்கப்பட்டது. மேற்கத்தியப் பத்திரிகைகள் படத்தின் செலவு 10 கோடி டாலர் என்றும், துணைநடிகர்கள் 1,20,000 பேர் என்றும் எழுதின. சோவியத் கணக்கேட்டில் இருப்பது சுமார் 80 லட்சம் ரூபிள். துணைநடிகர் எண்ணிக்கை மிகைப்படுத்தல், தன்னிடம் இருந்தது 12,000 பேர்தான் என்று போந்தார்ச்சுக்கே பின்னாளில் சொன்னார். இரு கணக்கையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கட்டாய ராணுவ சேவையில் இருந்த சிப்பாய்களின் உழைப்பைச் சந்தைக் கூலியில் மதிப்பிட்டால் அந்த 80 லட்சம் எங்கே போய் நிற்கும் என்பது தனிக் கேள்வி.

இந்தப் பிரம்மாண்டத்தின் மறுபக்கம் அவ்வளவு பளபளப்பாக இல்லை. ஷோஸ்த்கா ஆலையில் தயாரான 70 மில்லிமீட்டர் படச்சுருள் தரக்குறைவாக இருந்தது. எடுத்த காட்சிகளை மறுபடி மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு படைப்பிரிவையே கேட்ட மாத்திரத்தில் அனுப்பிவைத்த அரசால் ஒழுங்கான படச்சுருளைக் கொடுக்க முடியவில்லை! முதலில் அமர்த்தப்பட்ட ஒளிப்பதிவாளர்கள் இயக்குநரோடு ஒத்துப்போக முடியாமல் விலகினார்கள். அனுபவம் குறைந்த இளைஞரான அனத்தோலி பெத்ரீத்ஸ்கி அந்த இடத்துக்கு வந்தார். 1964 ஜூலையில் போந்தார்ச்சுக்கின் இதயம் சில நிமிடங்கள் நின்றுபோய், மருத்துவர்கள் மீட்டெடுத்தார்கள்.

1966, 1967 ஆண்டுகளில் நான்கு பாகங்களாகப் படம் வெளிவந்தது. மொத்தம் ஏழு மணி நேரத்துக்கும் மேல். 1969 ஏப்ரலில் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் உள்நாட்டுப் பார்வையாளர் எண்கள் வேறு கதை சொல்கின்றன. ‘ஆந்த்ரேய் பல்கோன்ஸ்கி’ என்ற முதல் பாகத்துக்கு 5 கோடியே 80 லட்சம் பேர், ‘நடாஷா ரஸ்தோவா’வுக்கு 3 கோடியே 62 லட்சம், போரோதினோ இடம்பெறும் ‘1812’க்கு 2 கோடியே 10 லட்சம், ‘பியர் பெசூஹோவ்’ என்ற கடைசிப் பாகத்துக்கு 2 கோடியை எட்டவில்லை. எந்தப் பாகத்துக்காக வெடிமருந்தும் சிப்பாய்களும் கொட்டப்பட்டார்களோ, அதைப் பார்க்க முதல் பாகத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர்கூடத் திரும்பி வரவில்லை.

இதுவரை சொல்லப்பட்டவை

படத்தைப் பற்றிய எழுத்துகளைப் பொதுவாக இரண்டு வரிசையில் நிறுத்தலாம். முதல் வரிசை வியப்பின் வரிசை: இப்படியொரு படத்தை இனி எவராலும் எடுக்க முடியாது என்பதே அதன் சாரம். கணினி வரைகலை வந்த பிறகு இந்த வியப்பு கூடியிருக்கிறது; திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் நிஜமாகவே ஒரு மனிதன் என்ற எண்ணம் பார்வையாளரை இன்று கூடுதலாக உலுக்குகிறது.

இரண்டாம் வரிசை சந்தேகத்தின் வரிசை. இது அரசு எழுப்பிய நினைவு மண்டபம், நாவலுக்கு வரைந்த விலை உயர்ந்த படவிளக்கம் என்கிறது. ரஷ்யாவுக்குள் இந்தப் பார்வைக்கு அரசியல் காரணமும் உண்டு. பெரஸ்த்ரோய்க்கா காலத்தின் தொடக்கத்தில், 1986 மே மாதம் நடந்த திரைக்கலைஞர் சங்க மாநாட்டில் போந்தார்ச்சுக் பழைய அதிகாரத்தின் முகமாகப் பார்க்கப்பட்டார். மாநாட்டுப் பிரதிநிதியாகக்கூட அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதன்பின் அவர் படங்களை நிதானமாகப் பார்க்கும் பொறுமை பலருக்கு இல்லாமல் போயிற்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் டெனிஸ் யங்பிளட் 2014இல் இந்தப் படத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதி, இதை மறுபடி ஆய்வுப் பொருளாக்கினார்.

இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன: இரண்டுமே தலைகளை எண்ணுகின்றன. ஒன்று எண்ணிவிட்டுக் கைதட்டுகிறது, மற்றது எண்ணிவிட்டு முகம் சுளிக்கிறது. எத்தனை பேர் என்பதைவிட, அவர்களை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதே டால்ஸ்டாயின் கேள்விக்கு நெருக்கமானது.

மூன்று உயரங்கள்

படத்தின் போர்க்காட்சிகளில் கேமரா நிற்கும் இடங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். தளபதியின் குன்று ஒன்று. மனிதன் ஓடும், விழும், மறையும் குழி இன்னொன்று. மூன்றாவது வானம்.

குழி இந்தப் படத்துக்குப் பழகிய இடம். போரோதினோ களத்தின் ராயெவ்ஸ்கி பீரங்கி மேட்டில் பியரோடு இருக்கும் பகுதிகளில் புகை, ஓட்டம், யாரோ கத்தும் சத்தம் தவிர வேறெதுவும் பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை. போருக்கு வெளியேயும் இதே நெருக்கம் உண்டு. நடாஷாவின் முதல் நடன விருந்தில் கேமராக்காரர் காலில் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, கையில் கேமராவோடு, சுழலும் ஜோடிகளுக்கு நடுவே வழுக்கிச் சென்றார். பாலே நடனக்காரியான லுத்மீலா சவேல்யெவாவின் படபடப்பு அதனால்தான் நம் மூச்சுக்கு அருகில் வந்துவிடுகிறது.

சர்ச்சை வானத்தைப் பற்றியது. போரோதினோ பகுதியில் கேமரா திரும்பத் திரும்ப மேலெழுகிறது. சந்தேகக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டி, நெப்போலியனுக்கு டால்ஸ்டாய் மறுத்த பார்வையை இயக்குநர் தனக்கே எடுத்துக்கொண்டார் என்கிறார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த வான்காட்சிகளை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் ரஷ்யர்கள், எந்த அணி உடைந்தது, யார் கை ஓங்குகிறது என்று சொல்ல முயலுங்கள். முடியாது. கோடுகள் உருவாகின்றன, குலைகின்றன, புகைக்குள் கரைகின்றன. ஒரு தளபதிக்கு இந்தக் காட்சியால் எந்தப் பயனும் இல்லை.

அது வேறு யாருடைய பார்வை? நாவலிலேயே அதற்கு விடை உண்டு. ஆஸ்டர்லிட்ஸில் அடிபட்டு மல்லாந்து கிடக்கும் இளவரசர் ஆந்த்ரேய் தலைக்கு மேல் உயர்ந்து விரிந்த வானத்தைப் பார்க்கிறார். அதன் முன்னால் அதுவரை அவர் வழிபட்ட நெப்போலியன் பொடியனாகிவிடுகிறான். போந்தார்ச்சுக் அந்த வானத்துக்கே ஒரு கண் கொடுத்து, கீழே பார்க்கச் சொல்கிறார். அங்கிருந்து வெற்றியும் தோல்வியும் தெரிவதில்லை. வரிசை வரிசையாக மனிதர்கள் வீணாவது தெரிகிறது.

எல்லா இடத்திலும் அவர் இதில் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில காட்சிகளில் அணிவகுப்பின் அழகே அவரை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சீருடையின் பொத்தான்கள் பளிச்சிடுகின்றன, வியச்செஸ்லாவ் ஓவ்சினிக்கவின் இசை எக்காளமிடுகிறது. மேட்டில் நின்று மயங்கிய பியர் கீழே இறங்க மறந்த தருணங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

வாட்டர்லூ என்ற சாட்சி

இந்த வாசிப்புக்குச் சாட்சி வேண்டுமானால் அதே இயக்குநரின் அடுத்த படம் இருக்கிறது. விடாரின் 1956 படத்தைத் தயாரித்த டினோ டி லாரன்டிஸ், எந்தப் படத்துக்கு எதிராகச் சோவியத் நாடு தன் மானத்தைப் பணயம் வைத்ததோ அதே படத்தின் தயாரிப்பாளர், போந்தார்ச்சுக்கை அழைத்து ‘வாட்டர்லூ’வை இயக்கச் சொன்னார். 1970இல் வெளிவந்த அந்தப் படத்தில் நெப்போலியன் ராட் ஸ்டைகர். படப்பிடிப்பு உக்ரைனின் ஊஷ்ஹொரத் அருகே. அங்கும் பல்லாயிரம் சோவியத் சிப்பாய்கள், ஹெலிகாப்டர்கள், புகை.

அதில் ஒரு வான்காட்சி மிகப் புகழ்பெற்றது. பிரிட்டிஷ் காலாட்படை சதுரங்களாக வியூகம் அமைத்து நிற்க, பிரெஞ்சுக் குதிரைப்படை அவற்றைச் சுற்றிச் சுழன்று வழி தேடித் தவிக்கிறது. ராணுவக் கல்லூரிப் பலகையில் வரைந்ததுபோல அத்தனை தெளிவு. யார் எங்கே, ஏன் தோற்கிறார்கள் என்று சிறுபிள்ளைக்கும் புரியும். ‘வாட்டர்லூ’ இரண்டு தளபதிகளின் மூளைகளுக்கு இடையே நடக்கும் ஆட்டம். ஆகவே அங்கே வானம் சதுரங்கப் பலகையைப் பார்க்கிறது. தெளிவான போர்ப்படத்தை வானிலிருந்து எடுக்கப் போந்தார்ச்சுக்கிற்குக் கைவராமல் இல்லை. போரோதினோவில் அவர் அதை வேண்டாமென்று விட்டார்.

1812க்குள் இருக்கும் 1941

வானத்தின் அந்தப் பார்வைக்கு நாவலுக்கு வெளியேயும் ஓர் ஊற்று உண்டு. ரஷ்யர்கள் 1812 போரை ‘தேசபக்தப் போர்’ என்பார்கள். 1941இல் தொடங்கியது ‘மாபெரும் தேசபக்தப் போர்’. பெயரிலேயே முடிச்சு விழுந்திருக்கிறது. 1941 நவம்பர் 7 அன்று செஞ்சதுக்கத்தில் பேசிய ஸ்டாலின் குதுஸோவின் பெயரைச் சொன்னார். அடுத்த ஆண்டு குதுஸோவ் பெயரில் தளபதிகளுக்கான விருதே நிறுவப்பட்டது. முற்றுகையிடப்பட்ட லெனின்கிராதில் பசியோடு கிடந்தவர்கள் இந்த நாவலைப் பேராவலோடு படித்து, தாங்கள் சரியாக நடந்துகொள்கிறோமா என்று அதனோடு ஒப்பிட்டுப் பார்த்ததை லீதியா கின்ஸ்பர்க் தம் முற்றுகைக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

போந்தார்ச்சுக் அந்தப் போரில் செஞ்சேனையில் இருந்தவர். தொரொகோபூஷ் வட்டாரமே 1941 முதல் 1943 வரை சண்டை நடந்த மண். படம் உருவாகிக்கொண்டிருந்த 1965இல்தான் மே 9 வெற்றி நாள் மீண்டும் பொதுவிடுமுறையானது. இந்தச் சூழலில் போரிஸ் ஸஹாவா நடித்த குதுஸோவ் மார்பு நிறையப் பதக்கம் தொங்கும் மேதையாக வந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். மாறாக, தளர்ந்த உடம்பும் எளிதில் கண்ணீர் வரும் சுபாவமும் கொண்ட டால்ஸ்டாயின் கிழவரே வருகிறார். அரசுக் காரியமாகப் பிறந்த படத்துக்கு இது சின்னத் துணிச்சல் அல்ல.

வெட்டுப்பட்ட பின்னுரை

படம் நாவலை உண்மையில் எங்கே கைவிடுகிறது? கேமராவின் உயரத்தில் அல்ல, கத்தரிக்கோலில்தான் என்பது இக்கட்டுரையின் தரப்பு. ஏழு மணி நேரம் ஓடினாலும் படத்தில் இடமில்லாதவை பல. பியரின் ஃப்ரீமேசன் தேடல்கள் போய்விட்டன. நடாஷாவின் அண்ணன் நிக்கோலாய் ரஸ்தோவ், ஆந்த்ரேயின் தங்கை இளவரசி மரியா ஆகியோரின் கதை சுருங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாவலின் பின்னுரை மொத்தமாக இல்லை.

ஆனால் அந்தப் பின்னுரையிலிருந்து ஒரே ஒரு சிந்தனையை மட்டும் போந்தார்ச்சுக் எடுத்துப் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், பூமிக்கு மேல் மிதக்கும் காட்சிகளோடு, கதைசொல்லியின் குரலில் ஒலிக்கவிடுகிறார். கெட்டவர்கள் ஒன்றுகூடி வலிமை பெறுவதுபோல நல்லவர்களும் ஒன்றுகூட வேண்டும் என்பது அதன் கருத்து. திரையில் அது மனிதகுலத்துக்கு விடுக்கும் அழைப்பாகக் கேட்கிறது.

நாவலில் அது யாருக்கும் விடுக்கும் அழைப்பல்ல. 1820 டிசம்பரில் ஒரு குடும்ப வீட்டில், இரவில், பியர் தன் மனைவி நடாஷாவிடம் தனிமையில் சொல்வது. தன் யோசனையில் தானே மகிழ்ந்துபோயிருக்கும் மனிதனின் பேச்சு. டால்ஸ்டாய் அதை லேசான புன்னகையோடுதான் கேட்கிறார். அதற்குச் சற்று முன்புதான் அதே வீட்டில் பியருக்கும் நிக்கோலாய்க்கும் வாக்குவாதம் முற்றியிருக்கிறது. அரசை எதிர்த்து நீங்கள் சங்கம் அமைத்தால், உங்களை வெட்டச் சொல்லி ஜாரின் வலக்கையான அரக்செயெவ் எனக்கு உத்தரவிட்டால், யோசிக்காமல் வெட்டுவேன் என்று நிக்கோலாய் மைத்துனனிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறான். ஐந்து ஆண்டு கழித்து, 1825 டிசம்பரில், பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் அரசுக்கு எதிராக எழப்போகும் கிளர்ச்சியை அறிந்த வாசகருக்கு அந்தப் பேச்சின் குளிர் உறைக்கும். பியரின் சொல்லை எடுத்துக்கொண்ட படம் நிக்கோலாயின் பதிலை விட்டுவிட்டது. பதில் இல்லாதபோது சொல் வெறும் முழக்கமாகிவிடுகிறது.

அந்த வாக்குவாதத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து, பேனாக்களை உடைத்துக்கொண்டே கேட்டவன் ஒருவன் உண்டு: இறந்துபோன ஆந்த்ரேயின் மகன், பதின்வயதுச் சிறுவன் நிக்கோலென்கா. அன்றிரவு அவன் ஒரு கனவு காண்கிறான். தானும் பியர் மாமாவும் தலைக்கவசம் அணிந்து ஒரு பெரும்படைக்கு முன்னால் போகிறார்கள். படை என்பது மனிதர்களால் ஆனதல்ல. இலையுதிர் காலத்தில் காற்றில் மிதக்கும் சிலந்தி நூல்களைப் போன்ற வெள்ளை இழைகளால் ஆனது. திடீரென்று இழைகள் தளர்ந்து சிக்கிக்கொள்கின்றன. எதிரே நிக்கோலாய் மாமா கடுமையான முகத்தோடு வழிமறித்து நிற்கிறார். பையன் வியர்த்து விழித்துக்கொள்கிறான். நாவலின் கதைப்பகுதி அந்த அறையில், அந்தப் பையனின் கண்ணீரோடு நின்றுவிடுகிறது. பதினைந்தாயிரம் சிப்பாய்கள் கைவசம் இருந்த இயக்குநர் படமெடுக்காமல் விட்ட படை அது ஒன்றுதான்.